தோட்டத்திலிருந்து பத்துமலைக்குக் காரில் போய்வர: வழியும் எண்ணெய்ச் செலவும் கணக்குப் போடும் முழு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை பத்துமலைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால் அடுத்து வருவது எண்ணெய்க் கணக்குதான். "ஐம்பது வெள்ளி ஊத்து, போதும்" என்பார் ஒருவர். "அவ்வளவு எதுக்கு, இருபது வெள்ளிக்கே போய் வந்துடலாம்" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதினால் ஒன்றிரண்டு வெள்ளி முன்பின்னாகச் சரியான தொகையைச் சொல்லிவிட முடியும். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து, அதாவது பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லும் ஊரிலிருந்து, பத்துமலை போய்வரும் பயணத்தை வைத்தே இதைப் பார்க்கலாம். உங்கள் ஊர் பந்திங், லாபு, சுங்கை சிப்புட் என்று எதுவாக இருந்தாலும் முறை ஒன்றுதான். எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: உங்கள் கார் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது?

மற்ற எல்லாக் கணக்கும் இந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது. கார் விற்பவர் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது சோதனைக் கூடத்தில் வந்தது. மீட்டரில் தெரியும் சராசரியும் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகத்தான் காட்டும். நீங்களே அளந்துவிடுவது நல்லது.

எண்ணெய் நிலையத்தில் தொட்டி நிறைய ஊற்றுங்கள். குழாய் தானாக 'டக்' என்று நின்றதும் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் அழுத்தி அழுத்தி நிரப்பினால் அளவு தப்பும், காருக்கும் நல்லதில்லை. உடனே டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வழக்கம்போல ஓட்டுங்கள்: வேலைக்கு, சந்தைக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கு. தொட்டி கால் பங்குக்கு வந்ததும் அதே நிலையத்துக்கு, முடிந்தால் அதே குழாய்க்குப் போய், மறுபடி 'டக்' வரை நிரப்புங்கள். ரசீதில் உள்ள லிட்டரால் டிரிப் மீட்டரில் உள்ள கிலோமீட்டரை வகுத்தால் விடை கிடைக்கும். 412 கிலோமீட்டர் ஓடி 28.3 லிட்டர் பிடித்தது என்றால், லிட்டருக்கு ஏறக்குறைய 14.6 கிலோமீட்டர்.

பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று அவ்வப்போது ஊற்றுகிறவர்கள் இந்த ஒரு தடவையாவது தொட்டியை நிரப்பியே ஆக வேண்டும். வேறு வழியில் சரியான எண் கிடைக்காது. புதிய மைவியின் தொட்டி 36 லிட்டர், சாகாவுடையது 40 லிட்டர். பாதியிலிருந்து நிரப்பினால்கூடப் பெரிய தொகை ஆகாது.

மைவி, ஆக்சியா, சாகா போன்ற சின்னக் கார்கள் நல்ல சாலையில் 15, 16 வரை கொடுக்கும். ஊருக்குள் நின்று நின்று போனால் 11, 12க்கு இறங்கும். ஐந்து பேர் ஏறி, அர்ச்சனைத் தட்டு, பால்குடம், சாப்பாட்டு அண்டா எல்லாம் பின்னால் ஏற்றி, குளிரூட்டியும் முழு வேகத்தில் ஓடினால் இன்னும் ஒன்று குறையும். கூடவே சக்கரத்தின் காற்று. காரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். எண்ணெய் நிலையத்தில் காற்று இலவசம்தான். ஆனாலும் வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். காற்று குறைந்த சக்கரம் கூடுதல் எண்ணெய் குடிக்கும், சீக்கிரம் தேயவும் செய்யும். பயணத்துக்கு முதல் நாள் மாலை, சக்கரம் சூடாகாமல் இருக்கும்போது அளந்து அடித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: வீட்டு வாசலிலிருந்து பெரிய சாலை வரை

இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கைத்தொலைபேசியில் 'பெஸ்தாரி ஜெயாவிலிருந்து பத்துமலை' என்று தேடினால் அது டவுன் நடுவிலிருந்து அளக்கும். நீங்கள் இருப்பதோ தோட்டத்துக்குள்ளே. லயத்திலிருந்து டவுனுக்கு வரும் ஐந்தாறு கிலோமீட்டர் அதில் சேராது. அங்கே செம்மண் ரோடு, குழி, எதிரே செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரி, அதற்கு ஒதுங்கிக் கொடுக்க ஓரத்தில் இறங்கி ஏறுவது என்று முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும்தான் வண்டி நகரும். லிட்டருக்கு 15 ஓடும் கார் இங்கே 10 ஓடினாலே பெரிய விஷயம். எனவே இந்தப் பகுதியை டிரிப் மீட்டரில் தனியாக அளந்து, கணக்கிலும் தனியாக எழுதுங்கள்.

ஃபோன் வரைபடத்தைத் தோட்டத்துக்குள் முழுசாக நம்பவும் வேண்டாம். செம்பனை வரிசைகளுக்கு நடுவே போகும் பாதையையெல்லாம் அது சாலை என்று நினைத்து, "இடப்பக்கம் திரும்பவும், நான்கு நிமிடம் மிச்சம்" என்று கூசாமல் சொல்லும். போய்ப் பார்த்தால் பாதை வாய்க்காலில் முடிந்திருக்கும், இல்லையென்றால் பூட்டிய கேட் நிற்கும். தோட்டத்துக் கேட்டுகள் சிலவற்றை இரவில் மூடிவிடுவார்கள். திரும்பி வர நேரமாகும் என்றால் எந்தக் கேட் எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்று காவலரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் எந்தப் பக்கம் சேறாகும் என்பதை வரைபடத்தைவிடத் தினமும் மோட்டாரில் போய்வருகிற அண்ணனிடம் கேட்பது மேல். செம்பனைக் காட்டுக்குள் ஃபோன் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும். வீட்டில் வைஃபை இருக்கும்போதே வரைபடத்தை இறக்கிவைத்துவிட்டால் நடுவழியில் திண்டாட வேண்டாம்.

மூன்றாம் படி: எந்த வழி?

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து பத்துமலைக்கு முக்கியமாக மூன்று வழிகள். மூன்றுமே ஏறக்குறைய 45 முதல் 55 கிலோமீட்டருக்குள் அடங்கும். உங்கள் வாசலிலிருந்து சரியான தூரத்தை ஃபோனில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஈஜோக் போய் கோலசிலாங்கூர்–சுங்கை பூலோ சாலையைப் பிடிப்பது. சவுஜானா உத்தாமா, பாயா ஜெராஸ் வழியாகச் சுங்கை பூலோ, அங்கிருந்து கெப்போங், அப்புறம் எம்ஆர்ஆர் 2 சாலையில் நேராகப் பத்துமலை. டோல் கிடையாது. ஆனால் சமிக்ஞை விளக்குகள் அதிகம். வேலை நாள் காலையில் கோலாலம்பூர் பக்கம் போகிற கூட்டம் முழுவதும் சுங்கை பூலோவிலும் கெப்போங்கிலும் நிற்கும். ஞாயிறு விடியற்காலை இதே வழி சுகமாக இருக்கும்.

இரண்டு, ஈஜோக்கில் லாத்தார் நெடுஞ்சாலையில் ஏறுவது. 2011இல் திறந்த இந்தச் சாலை சுமார் 33 கிலோமீட்டர் நீளம். குண்டாங் பக்கமாகப் போய் டெம்ப்ளர் பூங்கா அருகே பழைய ஈப்போ சாலையில் கொண்டுவந்து விடும். அங்கிருந்து செலாயாங், பிறகு பத்துமலை. நெடுஞ்சாலையில் சமிக்ஞை விளக்குகள் இல்லை, ஒரே ஓட்டம், ஆனால் வழியில் டோல் கட்ட வேண்டும்.

மூன்று, பத்து ஆராங் வழியாக ராவாங், அங்கிருந்து ஈப்போ சாலையில் தெற்கே இறங்குவது. இதிலும் டோல் இல்லை. பத்து ஆராங் ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிய ஊர். 1960இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்றால் இந்த வழியில் போகலாம். இரண்டே தடம் உள்ள சாலை. மணல் லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அது திரும்பும் வரை பொறுமையாகப் பின்னால் போக வேண்டியதுதான். இருட்டில் முந்தப் பார்க்க வேண்டாம்.

நான்காம் படி: டோலும் எண்ணெயும் தராசில்

"டோல் வழி குறுக்கு, அதனால் எண்ணெய் மிச்சம், டோல் காசு அதிலேயே வந்துவிடும்." இந்தப் பேச்சைக் காப்பிக் கடையில் நிறைய கேட்டிருப்பீர்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி, கார் 15 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 13 காசு. டோல் வழியில் 5 கிலோமீட்டர் குறைகிறது என்று வைத்தால் மிச்சமாவது 65 காசு. நெரிசலில் நிற்காததால் இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் ஒன்றரை வெள்ளியைத் தாண்டுவது கடினம். அதற்கு மேல் டோலில் போகும் ஒவ்வொரு காசும் நேரத்துக்கும் நிம்மதிக்கும் கொடுக்கும் விலை. அந்த விலை கொடுக்கத் தகுந்ததா என்பது அன்றைய வேலையைப் பொறுத்தது. மருத்துவமனையில் காலை எட்டு மணிக்கு நேரம் கொடுத்திருந்தால் யோசிக்காமல் டோல் வழி. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகக் கோயிலுக்கு என்றால் எனக்கு டோல் கட்ட மனசு வராது.

டோல் தொகையை நெடுஞ்சாலை நிறுவனத்தின் பக்கத்திலோ மலேசிய நெடுஞ்சாலை வாரியத்தின் பக்கத்திலோ பார்த்து, ஒவ்வொரு சாவடிக்கும் தனித்தனியாக எழுதிக் கூட்டுங்கள். போகும்போது கட்டியதைத் திரும்பும்போதும் கட்ட வேண்டும் என்பதை மறக்காமல் இரண்டால் பெருக்குங்கள். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் போகும் தோட்டத்து மக்களுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. 2020 பிப்ரவரியில் 18 விழுக்காடு குறைத்த பிறகு அங்கே காருக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 11 காசு. எண்ணெய்க்கு 13, டோலுக்கு 11. ஆக, அந்தச் சாலையில் பயணச் செலவில் கிட்டத்தட்ட பாதி டோல்தான்.

டோல் சாவடியில் ரொக்கம் வாங்கமாட்டார்கள். டச் அண்ட் கோ அட்டையில் போகவும் வரவும் போதுமான தொகை இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். பின்னால் பத்துக் கார் ஹாரன் அடிக்க, அட்டையை இப்படியும் அப்படியும் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் போல ஒரு சங்கடம் வேறு இல்லை.

ஐந்தாம் படி: எண்ணெய் விலையில் உங்கள் விலை எது?

புடி 95 என்ற எண்ணெய்ச் சலுகைத் திட்டத்தில், 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியக் குடிமக்கள் எல்லாருக்கும் ரோன் 95 லிட்டர் 1.99 வெள்ளிக்கு வந்தது. அதற்கு முன் 2.05. மைகார்ட் அடையாள அட்டையும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் இருக்க வேண்டும். மாதத்துக்கு இத்தனை லிட்டர் என்று வரம்பும் உண்டு, தொடங்கியபோது அது 300 லிட்டர். சலுகை இல்லாத விலை அப்போது 2.60 ஆக இருந்தது. அது வாராவாரம் மாறும். புதன்கிழமை அறிவித்து, வியாழக்கிழமையிலிருந்து நடப்புக்கு வரும்.

தோட்டங்களில் இதில் இரண்டு இடத்தில் இடறுகிறது. ஒன்று, உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்ட பெரியவர்கள். கார் அவர் பெயரில் இருக்கும், ஓட்டுவது மகனாக இருக்கும். சலுகை மைகார்ட் வைத்திருக்கும் ஆளுக்குத்தான், காருக்கு இல்லை. ஆகவே உரிமம் உள்ள மகன் தன் மைகார்டைச் செருகினால் போதும். இன்னொன்று, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள். இந்த மண்ணிலேயே பிறந்து, ஆயுள் முழுக்கப் பால் வெட்டியவராக இருந்தாலும் நிரந்தரவாசி என்றால் சலுகை விலை இல்லை. நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான். ஆனாலும் கணக்கு எழுதும்போது அவர்கள் வெளிவிலையைத்தான் போட வேண்டும்.

சலுகை விலையில் ஒரு வசதி இருக்கிறது. லிட்டர் இரண்டு வெள்ளிக்கு ஒட்டி இருப்பதால் மனக்கணக்கு சுலபம். இருபது வெள்ளிக்குப் பத்து லிட்டர், 15 ஓடும் காருக்கு 150 கிலோமீட்டர்.

ஆறாம் படி: எல்லாவற்றையும் கூட்டுவது

தோட்டச் சாலை போக 6, வர 6, மொத்தம் 12 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 என்றால் 1.2 லிட்டர். பெரிய சாலை போக 50, வர 50, ஆக 100 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 என்றால் 6.7 லிட்டர். நெரிசலில் நிற்பதற்கும், பத்துமலையில் பார்க்கிங் தேடிச் சுற்றுவதற்கும் அரை லிட்டர். மொத்தம் 8.4 லிட்டர். சலுகை விலையில் சுமார் 17 வெள்ளி. 2.60 விலையில் போட்டால் சுமார் 22 வெள்ளி.

நெரிசலுக்கு அரை லிட்டர் போதுமா என்று தோன்றும். குளிரூட்டி ஓட, கார் நகராமல் ஒரு மணி நேரம் நின்றால் சின்ன இயந்திரம் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எரிக்கும். அதாவது அதிகம் போனால் இரண்டு வெள்ளி. நெரிசலில் பாழாவது பெரும்பாலும் நம் பொறுமைதான். பின் இருக்கையில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேகம் கொஞ்சம் பெரிய சமாச்சாரம். நெடுஞ்சாலைகளில் உச்ச வரம்பு 110, கூட்டரசுச் சாலைகளில் 90. பெருநாள் காலத்தில் கூட்டரசுச் சாலைகளில் 80 ஆகக் குறைப்பார்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 90க்குப் பதில் 110இல் ஓட்டினால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். 30 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் அதனால் மிச்சமாவது நான்கு நிமிடம்கூட இல்லை. இடப்பக்கத் தடத்தில் 90இல் போய்க்கொண்டே இருங்கள். பின்னாலிருந்து விளக்கடிக்கிறவர் அவர் வழியில் போகட்டும்.

இனி பார்க்கிங் கட்டணம், காலைப் பசியாறல், தேங்காய் பழம். இவற்றைத் தனி வரியில் எழுதுங்கள். ஐந்து பேர் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டால் அதுவே எண்ணெய்ச் செலவைத் தாண்டிவிடும். வெளியே போனால் நூறு வெள்ளி பறந்துவிடுகிறது என்று எண்ணெயைத் திட்டுகிறவர்கள் இந்த வரியை ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம். தரிசனம் முடிந்து "அப்படியே பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேலை பார்த்துட்டு வரலாம்" என்று யாராவது சொல்லப்போகிறார்கள் என்பது உறுதி. அதற்கும் போகவர 30 கிலோமீட்டர், நான்கு வெள்ளி எண்ணெய் என்று முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

காசைப் பங்கு போடுவது

பக்கத்து வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போனால் இதைப் பேசுவதற்குள் நாக்கு தடுமாறும்.

"அண்ணே, எண்ணெய்க்கு எவ்வளவு கொடுக்கணும்?"

"அட, அதெல்லாம் எதுக்கு தம்பி. விடு."

அண்ணன் விடச் சொன்னாலும் விட்டுவிடக் கூடாது. அவர் கேட்கமாட்டார் என்பதற்காக மாதாமாதம் இலவசமாக ஏறினால், நான்காவது மாதம் அவர் கார் திடீரென்று பட்டறைக்குப் போய்விடும். எண்ணெய் 17, பார்க்கிங், டோல் இருந்தால் அதுவும் கூட்டி, பெரியவர்கள் எத்தனை பேரோ அத்தனையால் வகுத்து, ஓட்டுகிறவர் பங்கை மற்றவர்கள் ஏற்பது எங்கள் பக்கத்து வழக்கம். கார் தேய்மானம், சர்வீஸ், சாலை வரி எல்லாம் அவர் தலையில்தானே. கையில் காசு கொடுத்தால் வாங்கமாட்டார் என்றால், நீங்கள் போய் எண்ணெய் நிலையக் கவுண்டரில் கட்டிவிடுங்கள். ஆனால் சலுகை விலை வேண்டுமென்றால் மைகார்ட் வேண்டும். உங்கள் மைகார்டைக் கொடுத்தால் உங்கள் மாத வரம்பில் அது கழியும். மாதத்துக்கு நூறு லிட்டர்கூடத் தாண்டாதவருக்கு அதில் நட்டமில்லை.

எங்கே, எப்போது ஊற்றுவது?

முதல் நாள் மாலையிலேயே டவுனில் ஊற்றிவிடுங்கள். சலுகை விலை எங்கும் ஒன்றுதான், மலிவான நிலையம் தேடி அலைவதில் பயனில்லை. காலையில் மைகார்ட் இயந்திரம் படிக்க மறுத்தால் கிளம்பும் நேரம் தள்ளிப்போகும். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். கணக்கில் வந்த 8.4 லிட்டருக்கு மேல் ஐந்து லிட்டராவது கூடுதலாக இருக்கட்டும். 27 வெள்ளிக்கு ஊற்றினால் சரியாக இருக்கும்.

கிளம்புவது காலை ஆறரைக்குள். பத்துமலையின் 272 படிகளையும் வெயில் ஏறுமுன் ஏறி இறங்கிவிடலாம், பார்க்கிங்கும் கிடைக்கும். திரும்புவது மதியம் இரண்டுக்குள். சாயங்கால மழையில் செம்மண் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தைப்பூசத்துக்கு மட்டும் வேறு கணக்கு

மேலே சொன்ன எதுவும் தைப்பூச வாரத்துக்குப் பொருந்தாது. சுற்றுவட்டாரச் சாலைகளை மூடித் திருப்பிவிடுவார்கள், காரைப் பத்துமலைக்குப் பக்கத்தில் கொண்டுபோவதே பெரும்பாடு. அப்போது சுங்கை பூலோ எம்ஆர்டி ரயில் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு, புத்ராஜெயா தடத்தில் கம்போங் பத்து வரை போங்கள். அங்கே கேடிஎம் கொமுட்டர் ரயிலுக்கு மாறினால் தாமான் வாஹ்யு, அடுத்த நிலையம் பத்துமலை, கோயில் வாசலிலேயே இறங்கலாம். காருக்கான கணக்கைச் சுங்கை பூலோ வரை மட்டும் போட்டு, அதோடு ஆளுக்குப் போகவர ரயில் கட்டணத்தைக் கூட்டுங்கள். ஐந்து பேருக்கு மேல் போகிறீர்கள் என்றால் இரண்டாவது காரை எடுப்பதற்கு முன், டவுனில் ஒரு வேன் பேசினால் எவ்வளவு கேட்கிறார்கள் என்றும் விசாரித்துப் பாருங்கள். தைப்பூசத்துக்கு வேன்கள் முன்கூட்டியே பேசி முடிந்துவிடும் என்பதால், பொங்கல் முடிந்த கையோடு கேட்டுவைப்பது நல்லது.